சிவப்புப் பொட்டு வைத்த ரேம்

அன்புள்ள வினோலியா,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை தமிழ் எடுத்தாயே தவிர, உன் மனசெல்லாம் ஹிந்தியில்தான் இருந்தது. அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறேன். இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். ஆனால் உன் ஹாஸ்டல் அறையில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், நீயோ எதையும் எடுத்த இடத்தில் வைக்கிறவள் இல்லை. தமிழ் என்றால் ஜெய்ப்பூரில் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

இங்கே குளிர் இன்னும் குறையவில்லை. மம்மி சுகமாக இருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில், பெட்டியை ஏற்றிவிட்டு நான் இறங்கும்போது நீ சொன்னாய்: "பப்பா, இந்த மாசக் கடைசிக்குள்ள நீங்களே மம்மிகிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்." ரயில் கிளம்பிவிட்டது, அது ஒரு சௌகரியம். அந்தப் பழைய ஜாமெட்ரி பாக்ஸுக்குள் நீ கண்டெடுத்த ரேமைப் பற்றி நீ என்ன ஊகித்தாய் என்று தெரியாது. பாதி ஊகம் ஆளைக் கெடுத்துவிடும். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆபீசில் ஃபைல் எழுதியவன், வரிசையாக எழுதித்தான் பழக்கம்.

அந்தக் கம்ப்யூட்டரை நாம் கட்டியது 2002 அக்டோபரில். உனக்குப் பதின்மூன்று வயது. நேரு பிளேஸில் கடைகடையாக ஏறி இறங்கி, கேபினட், மதர்போர்டு, மெமரிக்கு இரண்டு ரேம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். உன் பிடிவாதத்துக்காக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கினோம். முன் அறையில் மாதா படத்துக்குக் கீழே இருந்த மேசைதான் அதற்கு இடம். நான் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ டார்ச் பிடித்தாய். மம்மி டியூட்டியிலிருந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், நம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி உயிர் பெற்று 'பீப்' என்றதும் அவள்தான் முதலில் கைதட்டினாள்.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு உன் கார் பந்தய விளையாட்டின் நடுவில் திரை கோடுகோடாகக் கிழிந்தது. பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் வந்தன. அப்புறம் முழுக்க நீலம். நான் முதலில் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகப்பட்டேன். கழற்றி மாட்டினேன், விசிறியைத் துடைத்தேன், சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். ஆபீஸில் ஏகாம்பரத்திடம் அவர் வீட்டுக் கார்டைக் கடன் வாங்கிப் போட்டும் பார்த்தேன். அதே நீலம். அப்புறம்தான் ரேம் ஞாபகம் வந்தது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால், உன் நெயில் பாலிஷை எடுத்து ஒன்றின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். எனக்கு ஆபீஸ் லீவாக இருந்து, நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாளில், ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, மெமரியைச் சோதிக்கிற ஃபிளாப்பியைப் போட்டு ஓடவிட்டேன். பொட்டு இல்லாதது மூன்று மணி நேரம் ஓடியும் ஒரு பிழை இல்லை. பொட்டு வைத்தது பாதியைத் தாண்டியதும் திரையில் வரிவரியாகச் சிவப்பு. ஆக, கோளாறு அதில்தான். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். "சரியாயிடிச்சு மக்ளே" என்று மட்டும் உங்களிடம் சொன்னேன். எப்படிச் சரியானது என்று நீங்கள் கேட்கவில்லை.

பொட்டு வைத்ததைக் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் அதன் நீளத்துக்குச் சரியாக இருந்தது, அதில் போட்டு அலமாரியில் வைத்தேன். அப்போது எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. நம் வீட்டில் எதைத்தான் தூக்கி எறிந்திருக்கிறோம்?

மம்மி அமெரிக்க நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆரம்பித்தது நவம்பரில். அவளோடு வேலை பார்த்த நாலு பேர் போய்விட்டார்கள். முதலில் இவள் போவாள், இரண்டு வருஷம் கழித்து நம்மை அழைத்துக்கொள்வாள், நீ அங்கேயே காலேஜ் படிப்பாய். எல்லாவற்றையும் அவள் கணக்காக யோசித்திருந்தாள். நான் அவளைத் தடுத்தேன் என்று நீ நினைக்கக்கூடாது. ஒரு நாள்கூடப் போகாதே என்று சொன்னதில்லை. அவள் பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்றவனே நான்தான். பயிற்சி சிடிகளையும் நான்தான் வாங்கி வந்தேன்.

ஆனால் ஏகாம்பரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி குவைத்துக்குப் போய் ஐந்து வருஷம். மனுஷன் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு துண்டு பிரெட். "அடுத்த வருஷம் வந்துடுவா சைமன்" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார். எனக்கு அந்த பிரெட்டைப் பார்த்தால் பயம். மம்மி இல்லாத வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்ப்பேன். ஒன்றும் தோன்றாது. என்னிடம் இருந்த குறை அது ஒன்றுதான்.

அந்த சிடியின் முறை உனக்கு ஞாபகம் இருக்கலாம். இருநூற்றைம்பது கேள்வி, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், கடைசியில்தான் மார்க் காட்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து. மம்மிக்கு வியாழக்கிழமை ஓய்வு. உன்னைப் பள்ளிக்கும் என்னை ஆபீசுக்கும் அனுப்பிவிட்டு உட்காருவாள். டிசம்பர் முதல் வியாழக்கிழமை, நீங்கள் எழுவதற்கு முன்னால், நான் பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்து, நல்லதில் ஒன்றை எடுத்துவிட்டுப் பொட்டு வைத்ததை மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. ஒரு தடவை அவள் சலித்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பதினொரு மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. "இஞ்ச பாருங்க, நூத்தி எழுபதாவது கேள்வியில நின்னு போச்சு. படம் எல்லாம் கிழிஞ்சு கிழிஞ்சு வந்துது. நான் என்னத்தையாவது தப்பா அமுக்கிட்டேனா?" நான் பார்க்கிறேன் என்றேன். சாயங்காலம் வந்து நல்லதைத் திரும்ப மாட்டினேன். நீ அதில் ஒரு மணி நேரம் கார் பந்தயம் ஓட்டினாய். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்த வியாழனும்.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன், நன்றாகக் கவனித்துப் படி. அந்தப் பொய்யை நான் உண்டாக்கவில்லை. நம் குவார்ட்டர்ஸில் எர்த் கம்பி பெயருக்குத்தான். வெறுங்காலோடு நின்று கேபினட்டின் தகரத்தைத் தொட்டால் யாருக்கும் லேசாகக் கிர்ரென்று இருக்கும். எனக்கு எப்போதும் ஹவாய் செருப்பு. உனக்கு வீட்டுக்குள்ளும் ஷூ. மம்மி மட்டும் மாதா படத்துக்கு முன்னால் செருப்புப் போட மாட்டாள். நாலாவது வாரம் அவளே வந்து கையை நீட்டிச் சொன்னாள்: "எனக்க கையிலதான் கரண்ட் இருக்கு. தொட்டா கிர்ருங்குது. ஸ்வெட்டரைக் கழட்டும்போதும் பொறி பறக்குது. உங்க ரெண்டு பேருக்கும் நிக்கல்ல, எனக்கு மட்டும் நிக்குது. எனக்க கையாலதானா?"

குளிர்காலத்து டில்லியில் ஸ்வெட்டரைக் கழற்றினால் யாருக்கும் பொறி பறக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டுப் பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி சோப்பால் காய்ந்த கை. "இருக்கலாம்" என்றேன்.

அதன்பிறகு அவள் ஒரு பரீட்சை வைத்தாள். அவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பதிலைச் சொல்ல, நான் அமுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல ரேம்தான் உள்ளே இருந்தது. இருநூற்றைம்பது கேள்வியும் தடங்கல் இல்லாமல் முடிந்தது. அவளுக்கு மார்க் எண்பத்தொன்பது. அவ்வளவு மார்க் வாங்கியும் அவள் சந்தோஷப்படவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீயும்தான் சொன்னாய், மறந்திருப்பாய். உன் ஸ்கூல் பிராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தது, மம்மி டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தாள். "மம்மி, ஹாத் மத் லகாவோ! கை வைக்காதீங்க!" என்று கத்தினாய். அவள் திடுக்கிட்டு டீயைக் கொட்டிவிட்டாள். உன்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ சின்னப் பிள்ளை. நான் சொன்னதைத்தானே நீ சொன்னாய்.

கடைசிப் பரீட்சை கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும் என்று தெரிந்ததும் மம்மி சிடிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "அங்கேயும் நின்னு போச்சுன்னா நாணக்கேடு. வேண்டாம்" என்றாள். அன்றைக்கு நான் நிஜாமுதீன்வரை போய் அவளுக்குப் பிடித்த மீன் வாங்கி வந்து, நானே குழம்பு வைத்தேன். பொட்டு வைத்ததை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடவுள் சாட்சியாக அப்படித்தான் நினைத்தேன்.

மம்மி வேலை பார்த்தது பிறந்த குழந்தைகள் வார்டில். அங்கே குழந்தைகளைவிட மெஷின்கள் அதிகம். சூடு கொடுக்க ஒன்று, மூச்சுக்கு ஒன்று, மருந்து ஏற்ற ஒன்று. பதினாறு வருஷமாக அவள் கண்ணை மூடிக்கொண்டு இயக்கியவை. ஜனவரியில், அவளோடு அதே வார்டில் வேலை பார்த்த சிந்து சிஸ்டர் ஒரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், அல்போன்சாக்கா இப்போதெல்லாம் ரெண்டு கிளவுஸ் போடுறாங்க, பட்டனை எங்களைத்தான் அமுக்கச் சொல்றாங்க என்று. நானும் சிரித்தேன்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் வார்டில் கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்தது. மற்றவையெல்லாம் தானாக எழுந்துகொண்டன. குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மர் ஒன்று மட்டும் எழவில்லை. அதன் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். அதில் இருந்தது ஜங்புரா மதராசி கேம்ப் குடிசையில் இருக்கும் சந்திரம்மாள் என்ற பெண்ணின் குழந்தை, எட்டாம் மாதத்துப் பிள்ளை, ஒரு கிலோகூட இல்லை. அறையில் மம்மி மட்டும்தான். அவள் கையை நீட்டினாள். தொடவில்லை. தொட்டால் அது ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயந்து, சிந்துவைக் கூப்பிட வராந்தாவுக்கு ஓடினாள். சிந்து கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வர ஏழு நிமிஷம் ஆனது. குழந்தை அன்று சாயங்காலம் போய்விட்டது.

டாக்டர்கள் விசாரித்து, அது எப்படியும் பிழைத்திருக்காது என்று எழுதினார்கள். மம்மி அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை, அதை அவளிடம் சொன்னதில்லை. சந்திரம்மாளே வந்து, "நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர், என் தலையெழுத்து" என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள். மம்மி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மறுநாள் வேலையை விட்டாள்.

அன்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உன் கையில் ஒன்றும் இல்லை அல்போன்சா, எல்லாம் நான் செய்தது என்று சொல்லியிருந்தால், அவள் ஒரு குழந்தையின் சாவை என் தலையில் வைத்துப் பார்த்திருப்பாள். அவளால் அதைத் தாங்க முடியாது என்று சொல்லாமல் விட்டேன்.

இந்த ஆறு வருஷத்தில் நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? விளக்கு, மின்விசிறி, மிக்ஸி, அடுப்பு, போன், எல்லாம் என் கைதான். சாயங்காலம் இருட்டுவதற்கு முன் ஆபீசிலிருந்து ஓடி வந்துவிடுவேன், இல்லாவிட்டால் அவள் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். படியில் என் காலடி கேட்டதும் கதவுப் பக்கம் வந்து நிற்பாள். இந்தக் குவார்ட்டர்ஸில் வேறு எந்த ஆம்பிளைக்காவது அப்படி ஒருத்தி காத்திருக்கிறாளா? பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் என்னைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

பிறகு நீ இந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாய். மம்மியோடு பேச அந்தப் பழைய பெட்டியைத் தட்டியெழுப்பி இன்டர்நெட் போடலாம் என்று உனக்குத் தோன்றியது. ரேம் போதாதென்று அலமாரியைக் குடைந்தாய். பொட்டு வைத்ததை மாட்டிச் சோதித்தாய், சிவப்பு வரிகள் வந்தன. உன் நெயில் பாலிஷ் உனக்கு அடையாளம் தெரிந்தது. "பப்பா, இது கெட்டதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நீ பெருமூச்சு விட்டது கேட்டது. நீ அதைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, மம்மியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாய். அவள் ஒரு விரலால் தன் பெயரை அடித்தாள். பெட்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, உனக்கும்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. திங்களும் செவ்வாயும் அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை நான் வீட்டுக்கு வரும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. படியில் என் காலடி கேட்டு அவள் வந்து நிற்கவில்லை. உள்ளே ஏதோ மாவு அரைத்துக்கொண்டிருந்தாள், மிக்ஸி சத்தத்தில் நான் வந்ததே தெரியவில்லை. வியாழக்கிழமை அவளே போனை எடுத்து, தன் பழைய வார்டு லீலாவதி மேட்ரனைக் கூப்பிட்டாள். அவர் இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அங்கே புது நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுபவமுள்ள ஆள் தேவையாம். திங்கட்கிழமை வா என்றிருக்கிறார். "வேலைக்குப் போட்டுமா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தாள். மக்ளே, அந்தச் சிரிப்பை நான் ஆறு வருஷமாகப் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது.

நீயே யோசித்துப் பார். அங்கே போய் ஏதாவது ஒரு மெஷின் அதுபாட்டுக்கு நின்றுவிட்டால்? மெஷின் என்றால் நிற்கத்தானே செய்யும். இன்னொரு தடவை உடைந்தால் அவள் எழுந்திருப்பாளா? ஒரு தகப்பனாக, ஒரு புருஷனாக, நான் முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. நீ படிக்கிற பிள்ளை, உனக்கு உண்மை ஒன்றுதான் தெரியும்.

நீ எறிந்ததை நான் அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன். தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. துடைத்து, அதன் ஓரத்துத் தங்கநிறப் பற்களை நாம் வழக்கமாகச் செய்வதுபோலப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். பொட்டு இன்னும் அழியவில்லை. இன்று காலை அவள் எழுவதற்கு முன் அதை மாட்டினேன்.

பத்து மணிக்கு உட்கார்ந்தாள். உனக்கு அனுப்ப என்று ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தாளாம். பாதியில் திரை கிழிந்து நீலமானது. அவள் கையை மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, "நானாக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அவள் போய் ரொம்ப நேரம் கை கழுவினாள். பிறகு லீலாவதி மேட்ரனிடம் வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்றாள். எண்ணை நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

நீ கேட்டபடி உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொன்னாலும் சொன்னதுதானே. இனி நீ அவளிடம் சொல்வதாக இருந்தால், அந்த ஏழு நிமிஷத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு அந்த மனசு வராது. நீ அவள் வயிற்றுப் பிள்ளை.

உறையை ஒட்டப் போகும்போது மம்மி வந்து, பிள்ளைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தப் பெட்டியை நான் இனி தொடல்லேன்னு எழுதுங்க. பாவம், அவ ஆசையா சரி பண்ணி வச்சிட்டுப் போனா, நான் கெடுத்துட்டேன். கோவப்படாண்டாம்னு சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

சால்வையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கேட் பக்கத்துத் தபால் பெட்டியில் இதைப் போட அவள்தான் போகிறாள். காகிதத்தைத் தொட அவளுக்கு இன்னும் பயமில்லை.

அன்புள்ள,
பப்பா